முதுகுத் துடுப்பைப் பாருங்கள்

வானவில் டிரவுட் மீன் எங்கே வளர்ந்தது என்பதை அதன் முதுகுத் துடுப்பு பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆற்றில் பிறந்த மீனுக்கு அது விசிறிபோல் முழுதாக விரியும். பண்ணை மீனுக்கோ தேய்ந்து, கட்டையாகி, ஓரம் கோணலாக நிற்கும். நெரிசலான சிமென்ட் தொட்டியில் ஒன்றையொன்று கடித்து, சுவரில் உரசி வளர்ந்ததன் அடையாளம் அது.

நம் நீலகிரி ஓடைகளுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த அதே மீன்தான். அமெரிக்காவில் தூண்டில்காரர்களுக்காக மாநில அரசுகள் இதை வளர்த்து, லாரி லாரியாக ஆறுகளிலும் ஏரிகளிலும் விடுகின்றன. முட்டைக்காகப் பல ஆண்டு வைத்திருந்த பெரிய தாய்மீன்களும், இனி தேவையில்லை என்றானதும் அந்த லாரியில் ஏறுகின்றன. அப்படியொன்று தூண்டிலில் சிக்கினால் திரும்ப விடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா?

ஓடும் ஆறு என்றால், சட்டம் அனுமதிக்கும்வரை, கொண்டுபோவதே சரி என்பேன். கைத்தீவனம் தின்று பழகிய மீனுக்கு நீரோட்டத்தில் சக்தியைச் சேமித்து இரை தேடத் தெரியாது. பெரும்பாலானவை அடுத்த ஆண்டைப் பார்ப்பதில்லை. இருக்கும் நாளிலும் காட்டு மீன்களின் இடத்தைக் கலைக்கின்றன. மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் இதை ஆராய்ந்தார். பண்ணை மீன் விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு டிரவுட் பெருகியது. உள்ளூரில் எதிர்ப்பு இருந்தும், காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை 1974இல் அந்த மாநிலம் கைவிட்டது. எனக்கு அது துணிச்சலான, நியாயமான முடிவாகவே படுகிறது.

குளிர்ந்த, இரை நிறைந்த ஏரியின் கதை வேறு. அங்கே பண்ணை மீனும் பிழைத்துக் கொழுக்கும். இனப்பெருக்கம் செய்ய முடியாத மும்மடிய மீன்களை விட்டிருந்தால் காட்டு இனத்தோடு கலந்துவிடும் என்ற பயமும் இல்லை. அங்கே சிக்கும் மீனைத் திரும்ப விடுவதில் அர்த்தமுண்டு.

ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. கனடாவில் 1992இல் வெளியான ஆய்வொன்றில், களைக்கும்வரை விரட்டப்பட்ட டிரவுட்களில் காற்றில் தூக்கப்படாதவை 12 சதவீதம் இறந்தன. 30 வினாடி வெளியே வைத்தவற்றில் 38, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். படம் எடுக்கத் தூக்கிப்பிடிக்கும் நேரம்தான் அது. விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு, மீன் நீரில் இருக்கும்போதே தூண்டில் முள்ளை எடுக்க வேண்டும்; முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல் தூண்டில் நரம்பை அறுத்துவிட வேண்டும்.