சமன்பாட்டைச் சொல்லாக்குதல்: இடைநிலை நுண்பொருளியலில் கணிதத்தின் இடம்

பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர் எதிர்கொள்ளும் பாடங்களுள் இடைநிலை நுண்பொருளியல் பலரையும் திகைக்க வைப்பதாகும். தொடக்க நிலையில் சொற்களாலும் வரைபடங்களாலும் கற்றவையே இங்கு நுண்கணித வடிவில் மீண்டும் வருகின்றன. வகையிடத் தெரிந்த மாணவர் விடையைக் கண்டுவிடுகிறார். அவ்விடை எதைச் சொல்கிறது என்று வினவினால் தயங்கி நிற்கிறார். இந்த இடைவெளியை நிரப்பும் வழியையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

எளிய கணக்கொன்றைக் காண்போம். ஒரு மாணவர் வாரத்திற்கு 24 ரிங்கிட்டைத் தேநீருக்கும் முட்டை ரொட்டிக்கும் ஒதுக்குகிறார். தேநீர் 2 ரிங்கிட். ரொட்டி 3 ரிங்கிட். தேநீரின் எண்ணிக்கையை ரொட்டியின் எண்ணிக்கையால் பெருக்கி வருவதே அவருடைய பயன்பாட்டுச் சார்பு எனக் கொள்வோம். கையிலுள்ள பணத்திற்குள் இச்சார்பை உச்சமாக்கினால், 6 குவளைத் தேநீரும் 4 ரொட்டியும் விடையாகும். அந்நிலையில் ஒவ்வொன்றின் இறுதிநிலைப் பயன்பாட்டையும் அதன் விலையால் வகுத்தால், இரண்டிலும் 2 என்ற எண்ணே கிடைக்கும். இதுவே லக்ராஞ்சு பெருக்கி. கடைசி ரிங்கிட்டை எப்பொருளில் செலவிட்டாலும் ஒரே பயன்தான். மாற்றிச் செலவிட்டு மேலும் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். பயன்பாட்டை வேறு அளவுகோலால் அளந்தால் 2 என்ற எண் மாறலாம். இரண்டும் சமம் என்பது மாறாது.

இனி, தேநீரின் விலை 3 ரிங்கிட்டாக உயர்கிறது எனக் கொள்வோம். மாணவர் 4 குவளையே வாங்குவார். இரண்டு குவளை ஏன் குறைந்தது? விலை ஏறியதால் என்று சொல்லிவிடலாம். ஆயினும் அவ்விடையில் இரு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ரொட்டியோடு ஒப்பிட்டால் தேநீர் விலை மிகுந்ததாயிற்று என்பது ஒன்று. மாணவரின் வாங்கும் ஆற்றல் சுருங்கியது என்பது மற்றொன்று. முன்பு வாங்கியவற்றையே வாங்க இப்போது 30 ரிங்கிட் தேவை. குறையும் 6 ரிங்கிட்டை நாம் ஈடாகக் கொடுத்தாலும், அவர் 5 குவளையே வாங்குவார் எனக் கணக்குக் காட்டுகிறது. ஆகவே ஒரு குவளை பதிலீட்டு விளைவாலும், மற்றொரு குவளை வருமான விளைவாலும் குறைந்தன. இப்பகுப்பை ரஷ்யப் பொருளியலறிஞர் சுலுட்ஸ்கி 1915ஆம் ஆண்டில் இத்தாலிய இதழொன்றில் வெளியிட்டார்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. தகுதியுடையோர்க்கு மாதம் 200 ரிங்கிட் ரொக்க உதவியும் அறிவிக்கப்பட்டது. விலையை ஏற்றிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதால் என்ன பயன் என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பே. ரொக்கம் வருமான இழப்பை ஈடுசெய்கிறது. டீசலைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தூண்டும் பதிலீட்டு விளைவோ எஞ்சி நிற்கிறது. அந்த ஈடு போதுமா என்பதையும் கணக்கிடலாம். லிட்டருக்கு 1.20 ரிங்கிட் கூடியதால், மாதம் ஏறத்தாழ 167 லிட்டர் வரை பயன்படுத்தியவருக்கு அது போதும். அதற்கு மேல் பயன்படுத்தியவருக்குப் போதாது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பிரெட் மார்ஷல் கணிதத்தில் முறையான பயிற்சி பெற்றவர். அவர் 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்தி, முடிவைச் சொற்களாக்கி, வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்தபின், கணிதத்தை எரித்துவிடுமாறு அறிவுறுத்தினார். இறுதி அறிவுரையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்த ஐந்தாம் குவளையைத் துல்லியமாகக் காட்டித் தந்தது சமன்பாடே. எனினும் முன்னைய அறிவுரைகள் வகுப்பறைக்கு இன்றும் பொருந்துவன.

ஆசிரியர்கள் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும், குறியீடு எதுவுமின்றி இரண்டு தமிழ்த் தொடர்களில் விடையை விளக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். எழுத இயலாத இடத்திலேதான் புரிதலின் குறையும் இருக்கும். அவ்விடத்திலிருந்தே கற்பித்தலைத் தொடரலாம்.