மாற்றிய எஞ்சினும் மறுக்கப்படும் உத்தரவாதமும்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் படித்தவர் ஒருவர் முகம் வாடியவராய் என் இல்லத்திற்கு வந்தார். இப்போது ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பவர். புதிதாக வாங்கிய டீசல் காருக்கு இரண்டு ஆண்டு நிறைவதற்குள், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சென்று, பட்டறை ஒன்றில் எஞ்சினின் வலிமையைக் கூட்டிக்கொண்டார். சில மாதங்களுக்குள் சூளகிரிக்கு அப்பால் மேடேறும்போது டர்போ பழுதாகி வண்டி நின்றுவிட்டது. சர்வீஸ் நிலையத்தார் கருவியைப் பொருத்திப் பார்த்து, "உத்தரவாதம் செல்லாது" என்று கூறிவிட்டனர். அதனோடு நில்லாமல், அதே வாரத்தில் கெட்டுப்போன கதவுக் கண்ணாடி மோட்டாருக்கும் பணம் கேட்டனராம்.

"ஐயா, இது நியாயமா?" என்றார்.

"தம்பி, ஒன்று நியாயம், மற்றது அநியாயம்" என்றேன். அவ்வாறு கூறியது ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வாரண்டி என்று நாம் வழங்கும் உத்தரவாதம் யாது? "நான் செய்த பொருளில், என் வேலையாலோ நான் இட்ட உலோகத்தாலோ குறை தோன்றினால் நானே செப்பனிட்டுத் தருவேன்" என்று செய்தவன் கொடுக்கும் வாக்கு அது. இத்தனை ஆண்டு, அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. அவ்வாக்கு அவன் செய்து சோதித்துப் பார்த்த பொருளைப் பற்றியதேயன்றி, பிறர் திருத்தியமைத்த பொருளைப் பற்றியதன்று. 1980-இல் ஓசூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலை எழுந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டியும் இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. அவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் வேலை செய்யும் தந்தையோ தமையனோ உங்களுக்கு இருந்தால், மைக்ரான் என்னும் அளவைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான். அதனினும் சிறிய பிழைக்காக ஒரு பாகத்தை ஒதுக்கித் தள்ளுகிறார்கள்.

இனி, 'ரீமேப்' என்பது என்ன? இக்காலத்து எஞ்சினில் எப்போது எவ்வளவு டீசல் பீய்ச்சுவது, டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளுவது என்பனவற்றையெல்லாம் இ.சி.யு. என்னும் சிறு கணினி ஆள்கிறது. அதனுள் உள்ள அட்டவணைகளை மாற்றி எழுதுவதே ரீமேப். டீசலும் காற்றும் மிகுதியாகச் செல்ல, வலிமை கூடுகிறது. "அப்படியானால் கம்பெனியே அவ்வாறு செய்திருக்கலாமே?" என நீங்கள் கேட்கலாம். எரிபொருள் தரம் குறைந்த இடத்திலும், கோடை வெயிலிலும், மலைப்பாதையிலும் தாங்கவேண்டும் என்றும், புகை சட்ட வரம்புக்குள் நிற்கவேண்டும் என்றும் கருதியே அவர்கள் ஓர் இடைவெளி விட்டுவைக்கிறார்கள். பட்டறைக்காரர் விற்பது அந்த இடைவெளியைத்தான்.

நம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிவந்தால் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை அடைகிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். சாதாரணமாகவே நிமிஷத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் பொறி அது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. மேலும் அழுத்தம் கேட்டால் சூடு மிகுந்து, எண்ணெய் கருகி, அச்சு தேய்கிறது. ஆகவே என் மாணவரின் டர்போ கெட்டதற்கும் ரீமேப்புக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. அச்செலவைக் கம்பெனியார் ஏற்க மறுத்தது முறையே.

ஆனால் கண்ணாடி மோட்டார்? எஞ்சினின் அட்டவணைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒரு மாற்றம் செய்ததனாலேயே வண்டி முழுவதன் உத்தரவாதமும் அழிந்ததென்பது நியாயமாகாது. இதற்கு ஒத்த வழக்கொன்று நம் நாட்டில் உண்டு. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் கார்க் கம்பெனிகள் தடுக்கின்றன என்ற முறையீட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டு 25-இல் 14 கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீடுகள் எழுந்தன. அத்தீர்ப்பில் அபராதத்தினும் நான் பெரிதாக மதிப்பது வேறொரு கட்டளையை: வெளிப் பட்டறையில் பழுதுபார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யலாகாது, அந்தத் தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்பது அது. அது பழுதுபார்த்தலைப் பற்றியது, எஞ்சின் மாற்றத்தைப் பற்றியதன்று என்பதை மறக்கலாகாது. எனினும் 'சேதத்தின் அளவுக்கே' என்ற அளவுகோல் இங்கும் பொருந்துமென்றே கருதுகிறேன். அமெரிக்காவிலும் 1975-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தன் பெயருள்ள பாகத்தையே வாங்கவேண்டும் என உத்தரவாதத்தில் நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது.

கம்பெனி பிடிவாதமாக மறுத்தால் என் செய்வது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். குறை எதனால் வந்தது என்பது சோதித்தாலன்றித் தெரியாதெனில், பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்திற்கு உண்டு. ஆகவே கெட்டுப்போன பாகத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இருசக்கர வண்டியின் சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அது உத்தரவாதத்தினும் பெரிய தொல்லை.

சர்வீஸுக்குப் போகும் முன் பழைய அட்டவணையை மீண்டும் ஏற்றிவிட்டால் தெரியாது என்று சொல்வோரும் உளர். பல வண்டிகளில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கையே கணினி வைத்திருக்கிறது. தெரியாமற் போனாலும் அது பொய்தான். பொய் சொல்லித் தொடங்கியவனுக்கு, பின்னர் உண்மையான குறை வந்தால்கூட வாய் திறக்க வழி இல்லை.

என் மாணவர் அவ்வழியை நாடவில்லை. ரீமேப் செய்ததை ஒப்புக்கொண்டு, கண்ணாடி மோட்டாருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விளக்கும்படி ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினார். அதைத் திருத்திக் கொடுத்தவன் நான். பிழை இரண்டே இருந்தன. மூன்று வாரத்தில் மோட்டாரை இலவசமாக மாற்றித் தந்தார்கள். டர்போவுக்கு அவரே பணம் கட்டினார்.