எம்மாவின் கோழி

முட்டையிலிருந்து பொரிந்த நாள் முதல் எம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி. சிறுவர் விவசாயச் சங்கத்தில் செயல்விளக்கம் செய்து காட்ட, தன் கையாலேயே அறுத்துச் சுத்தம் செய்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். எப்படித் துண்டு போடுவது என்று படங்களும் வரைந்தாயிற்று. திறந்து பார்த்தால் கோழி இல்லை, அம்மா வேகவைத்துவிட்டாள். எம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் வெஸ்லி அந்தப் படங்கள் மீது நின்று சிறுநீர் கழிக்கிறான். அரங்கம் சிரிக்கும், அடுத்த நொடி ஏன் சிரித்தோம் என்று கூசும்.

இந்தக் காட்சி வரும் நாடகமான சாம் ஷெப்பர்டின் 'கர்ஸ் ஆஃப் த ஸ்டார்விங் கிளாஸ்' 1977இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. களம், கலிஃபோர்னியாவில் நொடித்துப்போன ஒரு பண்ணைவீடு. ஷெப்பர்டே அந்த மாநிலத்தின் டுவார்ட்டேயில், அவகாடோ தோப்புக்கு நடுவே, குடிகார அப்பாவோடு வளர்ந்தவர். அந்த அப்பா இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். நாடகத்தில் வரும் அப்பா வெஸ்டனும் போர் விமானி, குடிகாரன். நாடகம் தொடங்குவதற்கு முந்தின இரவுதான் வீட்டுக் கதவை உடைத்துப் போட்டிருக்கிறான்.

எம்மா அன்றுதான் பெரியவளாகிறாள். நீந்தக் கூடாது, ரத்தம் போய்ச் செத்துவிடுவாய் என்று அம்மா சொல்லிக்கொடுப்பது அத்தனையும் பயமும் பொய்யும். ஆனால் மகளின் மனசு வேறு எங்கோ இருக்கிறது. மெக்சிகோவுக்குப் போய் கார் மெக்கானிக் ஆக வேண்டும். ஒருநாள் வண்டி பழுதாகி அம்மாவே அங்கே வந்து நிற்பாள். எதிரில் இருப்பது தன் மகள் என்று தெரியாமலே போய்விடுவாள். அதுதான் எம்மாவின் கனவு. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வேறொருத்தியாக வேண்டும் என்று ஒரு குழந்தை ஆசைப்படுவதைவிடத் துயரமான இடம் இந்த நாடகத்தில் எனக்குத் தென்படவில்லை.

வெஸ்லியின் கதை நேர்மாறு. குளித்துத் தெளிந்த அப்பா கழற்றிப்போட்ட அழுக்கு உடைகளைக் கடைசி அங்கத்தில் அவன் எடுத்து மாட்டிக்கொள்கிறான். அப்பா தனக்குள் புகுவதை உணர்ந்ததாகவும் சொல்கிறான். அப்பா நோய் தீர்த்த ஆட்டுக்குட்டியைப் பசியென்று அறுத்தும்விடுகிறான். ஆண்மை அந்த வீட்டில் சொத்துபோலக் கைமாறுகிறது.

இந்த நாடகம் என்றாலே விமர்சகர்கள் அப்பன்–மகன் கதையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்மாவை வெறும் வாயாடிச் சிறுமியாக நடிக்கவிடும் இயக்குநர் பாதி நாடகத்தைக் கோட்டைவிடுகிறார். வாசிக்கிறவர்கள் எம்மாவைப் பின்தொடர்ந்து வாசியுங்கள்.