சிக்கிய சோர்ஸும் அவசரக் கையும்

கொதிகலன், எண்ணெய்க் குழாய் போன்றவற்றின் வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் சின்னஞ்சிறு உலோக உறைக்குள் அடைத்து, கவசப் பெட்டி ஒன்றில் வைத்திருப்பார்கள். தொழிலில் இருப்பவர்களுக்குப் பெட்டி ‘கேமரா’, உள்ளே இருப்பது ‘சோர்ஸ்’. எட்ட நின்று கைப்பிடியைச் சுற்றினால் சோர்ஸ் குழாய் வழியே வெளியே போய், ஃபிலிமில் படம் பதிந்ததும் திரும்ப வேண்டும். சில நேரம் திரும்புவதில்லை. குழாய் நசுங்கிச் சிக்கிக்கொள்ளும். வடத்தின் இணைப்பு கழன்று நடுவழியில் நின்றுவிடும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பது, ஓடிப்போய்ச் சரிசெய்யும் துணிச்சலைவிடப் பின்வாங்கி நிற்கும் பொறுமையே என்பது என் உறுதியான கருத்து.

கணக்கே இதற்குச் சாட்சி. ஒரு டெராபெக்கரல், அதாவது பழைய அளவில் 27 கியூரி வலிமையுள்ள இரிடியம் சோர்ஸுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஒரு நிமிடம் நின்றால் உடலில் ஏறுவது சுமார் 2 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளருக்கு இந்தியாவில் ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு 30 மில்லிசீவர்ட். அதே சோர்ஸ் விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் ஒரு நிமிடம் இருந்தால் விரல் வாங்குவது ஏறக்குறைய 20 கிரே, அதாவது 20,000 மில்லிசீவர்ட்டுக்கு இணை. தசை அழுகி விரலையே எடுக்க வைக்கக்கூடிய அளவு. தூரம் நூறு மடங்கு குறைந்தால் கதிர்வீச்சு பத்தாயிரம் மடங்கு கூடுகிறது. நீண்ட இடுக்கி என்ற எளிய கருவி விரலைக் காப்பாற்றுவது இதனால்தான். 1985இல் ஹரியானாவின் யமுனாநகரில் மின்தடை நேரத்தில் பாதுகாப்பு முறைகளை மீறி ரேடியோகிராஃபி சோர்ஸைக் கையாண்ட இருவரின் கைகள் 8 முதல் 20 கிரே வரை வாங்கின. இருவருமே தலா இரண்டு விரல்களை இழந்தார்கள். அதே ஆண்டில் விசாகப்பட்டினத்திலும், 1989இல் குஜராத்தின் ஹசீராவிலும் விபத்துகள் நடந்தன. அங்கும் பறிபோனவை விரல்கள்தாம்.

வெளியே கிடக்கும் சோர்ஸை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னும் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உறை உடையாத வரை சோர்ஸ் தீயைப் போலப் பரவுவதில்லை. அதன் வலிமை நேரம் போகப் போக அதிகரிப்பதுமில்லை. இரிடியம் 74 நாளில் தானாகவே பாதியாகிவிடும். நாற்பது மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, ஆட்களை வெளியேற்றி, காவல் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவுதான். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரை அழைக்கவும், ஈயக்குண்டுப் பைகளையும் இடுக்கியையும் கொண்டுவரவும், யார் எத்தனை நொடி நெருங்குவது என்று கணக்கிடவும் அந்த அவகாசம் போதும். வேலை தாமதமாகும் என்பது இன்னொரு வாதம். ஓர் இரவு வேலை நின்றால் நட்டம்தான். போன விரல் எந்த ஒப்பந்தத் தொகைக்கும் திரும்பாது.

காத்திருக்க வேண்டுமானால் முதலில் சோர்ஸ் திரும்பவில்லை என்பது தெரிய வேண்டும். கதிர்வீச்சுக்கு நிறமோ மணமோ சூடோ இல்லை. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் ஒன்றே சொல்லும். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் கீழே கிடந்த சோர்ஸை ஒரு வெல்டர் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். கேமரா காலியாக இருப்பது ஃபிலிமில் படம் விழாதபோதுதான் தெரியவந்தது. அவர் வலது காலையே இழந்தார். மீட்டரைக் கையில் பிடித்துக் கேமராவை முன்பே சோதித்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கலாம். பயிற்சியும் சான்றிதழும் இருக்கின்றன, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் இருக்கின்றன என்று நிறுவனங்கள் சொல்வது உண்மை. ஆனால் பெரும்பாலும் மற்றவர்கள் போன பின், இரவில், களைப்போடு நடக்கும் வேலை இது. மீட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று அங்கே பார்ப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

ராஜபாளையத்திலோ தேவதானத்திலோ கொதிகலன் உள்ள எந்த ஆலையில் வேலை செய்தாலும், ரேடியோகிராஃபி நடக்கும் இடத்தில் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள். அங்கே பளபளக்கும் சிறு உலோகத்துண்டு கிடந்தால் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். விலகி நின்று மற்றவர்களையும் தடுத்து, 112ஐ அழையுங்கள்.