வண்ணமீன் தொட்டிகளுக்கு வெளிச்சமும் இருளும்

பயிருக்குப் பகல் எவ்வளவு அவசியமோ இரவும் அவ்வளவு அவசியம் என்பதை உழவுத் தொழிலில் பழகியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதே குடியானவர், சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்புப் பல குடும்பங்களுக்குச் சீவனமாக விளங்குவதைக் கேள்வியுற்று, தாமும் அதை உபதொழிலாக மேற்கொண்டு கொட்டகையில் நாலைந்து கண்ணாடித் தொட்டிகளை அமைத்தால், அவற்றின் மேலுள்ள விளக்கை அணைப்பதே இல்லை. மீன்களின் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும், வாங்க வருவோர் கண்ணுக்குத் தொட்டி எடுப்பாக இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். சில வாரங்களுக்குள் கண்ணாடியில் பச்சை படிகிறது. செடிகளின் மேல் நூல் போன்ற பாசி சுற்றிக் கொள்கிறது. மீன்கள் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்குகின்றன. ஒரு நாள் காலையில் பாதி மீன்கள் மிதக்கின்றன. இந்நஷ்டத்திற்கு மருந்துக் கடையில் பரிகாரம் தேடுவோர் பலர். விளக்கை உரிய நேரத்தில் அணைப்பதே முதற் பரிகாரமாகும்.

வெளிச்சத்தினால் நீரில் நிகழ்வது

நீருக்குள் இருக்கும் பச்சைத் தாவரம் வெளிச்சத்தில் கரியமிலவாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இதைச் சோதனைகளால் நிலைநாட்டியவர் ஜான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு வைத்தியர். 1779-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தில் இலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்துப் பார்த்தபோது அவற்றின் மேல் வாயுக் குமிழிகள் தோன்றின. இருட்டில் அக்குமிழிகள் நின்று போயின. இருட்டில் அதே இலைகள் காற்றைக் கெடுக்கின்றன என்பதையும் அவர் கண்டார்.

ஆகவே பகலில் பிராணவாயுவைத் தரும் செடியும் பாசியும் இரவில் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. பாசி மிகுந்த குளத்தில் கோடைகாலத்து விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கிராமத்தார் பார்த்திருப்பர். இரவு முழுவதும் நடந்த செலவினால் நீரில் பிராணவாயு மிகவும் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். நமது உஷ்ணப் பிரதேசத்தில் இந்த இருப்பு தொடக்கத்திலேயே சொற்பமானது. 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக் கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது.

அப்படியானால் இரவிலும் விளக்கை எரியவிட்டுப் பிராணவாயுவைக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு செய்தால் மீன் கழிவிலுள்ள உரச் சத்தையெல்லாம் உண்டு பாசி பெருகும். பெருகிய பாசியோடு கூடிய தொட்டியில், மின்சாரம் நின்று விளக்கும் காற்றுக் குழாயும் ஓய்ந்த முதல் இரவிலேயே மீன்கள் மூச்சுத் திணறும். மேலும், பாசி மிகுந்த நீரில் வெளிச்ச நேரம் முழுவதும் கரியமிலவாயு செலவாவதால் நீரின் காரத்தன்மை உயர்கிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, காரம் மிகுந்த நீரில் அதிக விஷத்தன்மை அடைகிறது. எந்நேரமும் எரியும் விளக்கு இவ்விதம் இரு வழிகளில் கேட்டை விளைவிக்கிறது.

மீனுக்கு இருள் ஏன் வேண்டும்

வண்ணமீன்களுக்குக் கண்ணிமை இல்லை. நம் கண்ணின் பாவை வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிகிறது. பெரும்பாலான மீன்களுக்கு அவ்வசதியும் கிடையாது. விழித்திரையிலுள்ள நிறமித் துகள்களும் பார்வை அணுக்களும் இடம் பெயர்ந்தே அவற்றின் கண் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் பழகிக் கொள்கிறது. இதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ பிடிக்கும். இருட்டறையில் திடீரென்று விளக்கைப் போட்டவுடன் மீன்கள் கண்ணாடியில் மோதுவதும், சில வெளியே துள்ளி விழுந்து மடிவதும் இக்காரணத்தினாலேயே ஆகும்.

மேலும், மூளையின் மேற்புறத்திலுள்ள பீனியல் சுரப்பி, மண்டையின் வழியாகப் புகும் வெளிச்சத்தை நேராகவே உணர்கிறது. இருள் கவிந்ததும் அது மெலடோனின் என்ற பொருளைச் சுரந்து, இரவு வந்துவிட்டதென்று உடலின் உறுப்புகளுக்கு அறிவிக்கிறது. இராமுழுதும் விளக்கெரிந்தால் அச்சுரப்புக் குன்றும். மீனின் ஓய்வும் இரையெடுப்பும் ஒழுங்கு தவறும். அலங்காரத்துக்காக வைக்கப்படும் நீலநிற இரவு விளக்கையும் விடிய விடிய எரியவிடுவது நன்றன்று.

இரவில் இரை தேடும் மீன்களும் உண்டு. நமது ஓடைகளிலுள்ள அயிரையும் கெளுத்தியும் பகலில் ஒதுங்கியிருந்து இருட்டிய பின்னரே உலாவுவன. இவற்றைத் தொட்டியில் வைத்திருப்போர், விளக்கை அணைத்த பின்பு அடியில் அமிழும் தீவனத்தைச் சிறிதளவு இட வேண்டும். இல்லையேல் பகல் மீன்களே யாவற்றையும் தின்றுவிட, இவை மெலிந்து போகும்.

எத்தனை மணி நேரம்

பகலின் நீளமே பல செடிகளின் பூப்புக் காலத்தை ஆளுகிறது என்பதை 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையையும் சோயா மொச்சையையும் கொண்டு விளக்கிக் காட்டினர். பருவத்துக்குக் கட்டுப்பட்ட பழைய சம்பா நெல் வகைகள் பகல் குறுகும் காலத்தை அறிந்து கதிர் விடுவதும் இவ்விதியின்படியே ஆகும். ஒளியின் அளவைப் போலவே அதன் நேரக் கணக்கும் உயிர்களுக்கு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம். மிக நீண்டது 13 மணிக்குச் சற்றுக் குறைவு. வண்ணமீன்களிற் பல தோன்றிய அமேசான் நதிப் பிரதேசத்திலும் பகல் சுமார் 12 மணிதான். அப்பகலிலும் காலை மாலை வெயில் சாய்வாகவே நீரில் விழுகிறது. கரையோர மரங்களும் நிழல் செய்கின்றன. ஆகையால் தொட்டிக்கு நேர்மேலே எரியும் விளக்கைப் பின்வருமாறு அமைத்துக் கொள்ளலாம்.

புதிதாக அமைத்த தொட்டியில் செடிகள் வேரூன்றும் வரையில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், பாசி காணாவிடில் வாரத்துக்கு அரைமணி வீதம் கூட்டி 8 மணிக்குக் கொண்டு வரலாம். செடி மிக அடர்ந்து செழித்த தொட்டிக்கு 10 மணி வரையில் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுவதில்லை. செடியே இல்லாத தொட்டிக்கு, மீன்களைப் பார்ப்பதற்கு வேண்டிய மங்கலான வெளிச்சமே போதுமானது.

இந்த 8 மணியை நண்பகல் 12 முதல் இரவு 8 வரையில் வைத்துக் கொண்டால், வயல் வேலை முடிந்து வீடு திரும்புவோர் மாலையில் தொட்டியைப் பார்க்கவும் கூடும். அறையில் வெளிச்சம் வந்து அரைமணி நேரம் கழிந்த பிறகே தொட்டி விளக்கை ஏற்ற வேண்டும். இரவிலும் தொட்டி விளக்கை முதலில் அணைத்துச் சிறிது நேரம் கழித்து அறை விளக்கை அணைத்தல் நலம்.

ஒரு நாள் 5 மணியும் மறுநாள் 14 மணியுமாக விளக்கெரிப்பது பெருந்தவறு. ஞாபகத்தை நம்புவதைவிட டைமர் எனப்படும் கடிகார ஸ்விட்சை நம்புவது மேலானது. ஆனால் சுழலும் வட்டுள்ள சாதாரண டைமர், மின்சாரம் நின்ற நேரமளவும் தானும் நின்று பின்தங்கிவிடும். மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் அதை வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அல்லது உள்ளே பாட்டரியுள்ள டைமரை வாங்க வேண்டும்.

எவ்வளவு பிரகாசம்

விளக்கின் பிரகாசத்தை வாட்டில் கணக்கிடுவது பழைய வழக்கம். எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு, உறையின் மேல் அச்சிட்டுள்ள லூமன் அளவைப் பார்ப்பதே சரியானது. நிழலில் வளரும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமனும், நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40 லூமனும் உத்தேசக் கணக்காகக் கொள்ளலாம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமுமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். இதற்கு லிட்டருக்கு 20 லூமன் வீதம் சுமார் 1,100 லூமன் வேண்டும். வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி. விளக்கானால் 11 வாட்டு போதும். ஆழம் கூடக்கூட வெளிச்சம் குன்றுமாதலால், ஒன்றரை அடிக்கு மேற்பட்ட ஆழமுள்ள தொட்டிக்குச் சற்று அதிகம் தேவை.

நிறத்தைப் பொறுத்தவரையில், உறையில் 6,500 கெல்வின் என்று குறித்த வெள்ளை விளக்கு செடிக்கும் ஏற்றது. மீனின் நிறத்தையும் உள்ளபடி காட்டும். இலைகள் சிவப்பு, நீலம் ஆகிய இரு கதிர்களை மிகுதியாக ஏற்பது உண்மையே. நல்ல வெள்ளை விளக்கில் இரண்டும் அடங்கியிருப்பதால் விலையுயர்ந்த தனி விளக்கு அவசியமன்று.

சன்னலோரத்தில் தொட்டியை வைத்து வெயிலையே நம்புவோர் உண்டு. நேர் வெயிலின் அளவை நம்மால் கட்டுப்படுத்த இயலாது. சிறு தொட்டியின் நீர் சித்திரை மாதத்தில் விரைவில் கொதிப்பேறிவிடும். வடக்குப் பார்த்த சுவரோரமே உத்தமம். வெளிச்சம் குறைந்த இடத்திலும் நம் குளங்களில் கிடைக்கும் வேலம்பாசியைச் சோதித்துப் பார்க்கலாம். இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் வளரும் கிரிப்டோகோரின் செடிகள் நிழலுக்கு மிகவும் பழகியவை.

செலவிலும் மிச்சமுண்டு. 10 வாட்டு விளக்கு நாளெல்லாம் எரிந்தால் மாதத்துக்கு 7.2 யூனிட் ஆகும். 8 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட் மட்டுமே. இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு இது 96 யூனிட் வித்தியாசம்.

குஞ்சு பொரிக்கும் தொட்டிகள்

இனப்பெருக்கத்துக்கு வெளிச்சக் கணக்கு இன்னும் முக்கியமானது. கங்கைப் பிரதேசத்து மீன்களைப் பற்றி 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் வெளியிட்ட நூலில் விவரிக்கப்பட்ட வரிக்குதிரை மீன், இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கப்படுகிறது. அங்கே 14 மணி வெளிச்சமும் 10 மணி இருளும் கொடுப்பது வழக்கம். இருள் நீங்கி விளக்கேற்றிய சிறிது நேரத்துக்குள் அம்மீன் முட்டையிடுகிறது. இரவே இல்லாத தொட்டியில் அதற்கு விடியலும் இல்லை. நியான் டெட்ரா மீனோ மங்கலில் முட்டையிடுவது. அதன் முட்டைகள் வெளிச்சத்தில் கெடுமாதலால் பொரிக்கும் வரையில் தொட்டியைத் துணியால் மூடி வைப்பர்.

குஞ்சுகளின் முதல் இரையாகிய ஆர்ட்டீமியாவின் முட்டைகள் நன்கு பொரிப்பதற்கு வெளிச்சம் தேவை. பொரித்த இளவுயிர்கள் வெளிச்சத்தை நாடி வருமாதலால், பாத்திரத்தின் ஒரு புறத்தில் விளக்கைக் காட்டி அவற்றை ஓரிடத்தில் திரட்டி, ஓடுகளினின்றும் பிரித்தெடுக்கலாம்.

பாசியும் சக்கர் மீனும்

பாசி கண்டவுடன் பலர் செய்வது, கடையிலிருந்து சக்கர் மீன் ஒன்றை வாங்கி விடுவதாகும். தென் அமெரிக்க நதிகளைச் சேர்ந்த அம்மீன் இளமையில் பாசியைச் சுரண்டித் தின்னும்; பின்னர் ஓர் அடிக்கு மேலும் வளர்ந்து தொட்டியில் அடங்காது. அப்போது அதைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் இம்மீன் இவ்விதமே பரவியிருக்கிறது. அதன் உடல் கவசம் போன்ற தகடுகளால் மூடப்பட்டது, விலை போகாது, முட்கள் வலையைக் கிழிக்கும். வற்றும் நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டுவது அதன் சுபாவம். அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் கரைகள் இதனால் சரிந்திருக்கின்றன. மண் கரையுள்ள ஏரிகளை நம்பிப் பாசனம் செய்யும் நாம் இதை அற்பமாக எண்ணலாகாது.

பாசி தோன்றினால் முதலில் விளக்கு நேரத்தை 6 மணியாகக் குறைக்க வேண்டும். தீவனத்தைச் சில நிமிஷங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் இட்டு, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். கண்ணாடியிலுள்ள பாசியைத் தேங்காய் நாரினால் தேய்த்துவிடலாம். வேகமாக வளரும் செடிகளைக் கூட்டினால் அவை உரச் சத்தை எடுத்துக் கொண்டு பாசியைப் பட்டினி போடும். கழித்த செடிகளை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இட வேண்டும், வாய்க்காலில் எறியலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் ஊரில் வண்ணமீன் தொட்டி வைத்திருப்போரிடம் இரண்டு விஷயங்களை வற்புறுத்திச் சொல்வது பெரும் உபகாரமாகும்: விளக்கைக் கணக்காக எரிக்க வேண்டும்; வேண்டாத மீனை ஏரியில் விடலாகாது. முதலாவதைக் கடைப்பிடித்தால் பாசி அடங்கும். சக்கர் மீனை வாங்கும் தேவையே ஏற்படாது. இரவு 8 மணிக்கு விளக்கை அணைக்கும் குடியானவர் தம் மீன்களைக் காப்பதோடு தம் ஊர் ஏரிக்கரையையும் காக்கிறார்.