பழவேற்காடு படகுகளுக்கு வானத்திலே வழிகாட்டி! முகத்துவாரத்தில் மட்டும் கண்தான் துணை

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற நாளில் பழவேற்காட்டில் படகு கிளம்பாது. "ராக்கெட் விடறாங்க, கடலுக்குப் போகாதீங்க" என்று மீன்வளத் துறையிலிருந்து தகவல் வந்துவிடும். வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரையில் உட்கார வேண்டியதுதான். அன்றைய வரும்படி போச்சு!

ஆனால், அந்த ராக்கெட்டுகளில் சில எதைத் தூக்கிக்கொண்டு போயின தெரியுமா? நடுக்கடலில் நிற்கும் படகுக்கு "நீ இருக்கிற இடம் இதுதான்" என்று சொல்லும் செயற்கைக் கோள்களை!

கூப்பிடு தூரத்துத் தீவிலிருந்து கிளம்பி, 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் இந்தக் குப்பத்துப் படகைப் பார்த்துப் பேசுகிற சங்கதி இது. இப்போது அந்தப் பேச்சைக் கேட்க பெரிய பெட்டிகூட வேண்டாம். கைக்கடிகாரமே போதும்!

குப்பத்துக்குக் குப்பம் கடல்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. 400 வருஷத்துக்கு முன்பு டச்சுக்காரன் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய இடம்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள்.

ஏரிக்குள் மீன் பிடிப்பவர்களுக்குத் திசை காட்ட ஆள் தேவையில்லை. அங்கே "பாடு" என்று ஒரு முறை இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக் கொள்கிறார்கள். ஏரியின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்கு மனப்பாடம்.

கரை கண்ணுக்கு மறைகிற கடலில்தான் வேலையே!

தாத்தா வைத்த அடையாளம்

அந்தக் காலத்தில் கட்டுமரத்தில் போனவர்களுக்கு என்ன துணை? கரைதான் துணை.

கலங்கரை விளக்கமும் ஒரு பனை மரமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தோப்பும் ஒரு மேடும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையைப் போடு! பிற்காலத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகளும் இந்த அடையாளங்களோடு சேர்ந்துகொண்டன.

இரவில் நட்சத்திரம். வாடைக்காற்று முகத்தில் அடிக்கிற பக்கம். வடக்கிலிருந்து ஓடி வரும் "வண்ணி" நீரோட்டம், தெற்கிலிருந்து வரும் "தெண்டி" நீரோட்டம். கயிற்றில் குண்டு கட்டி இறக்கி "எத்தனை பாகம்" என்று ஆழம் பார்ப்பது. இவ்வளவும் தலைக்குள் இருந்தது.

நல்ல பார் எங்கே இருக்கிறது என்பது குடும்ப ரகசியம். அப்பா மகனுக்குச் சொல்வார். பக்கத்துப் படகுக்காரனுக்குச் சொல்ல மாட்டார்!

இந்த வித்தைக்கு ஒரு எதிரி உண்டு. மார்கழி, தை மாதப் பனிமூட்டம். கரை தெரியாவிட்டால் பனையும் இல்லை, கோபுரமும் இல்லை. "அண்ணே, எங்க நிக்கிறோம்?" என்று தம்பி கேட்டால் அண்ணன் பதில் சொல்ல முடியாத நேரம் அது.

நாலு கோள், ஒரு கணக்கு

அந்த இடத்தில்தான் ஜி.பி.எஸ். வந்து உட்கார்ந்தது. அமெரிக்க ராணுவம் தனக்காக ஏற்பாடு செய்தது இது. முதல் கோள் 1978-ல் பறந்தது. 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணி விமானம் ஒன்று வழி தவறி ரஷ்ய எல்லைக்குள் போய்ச் சுடப்பட்டு 269 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான், "பொதுமக்களுக்கும் இதைத் தருவோம்" என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார்.

வேலை நடக்கிற விதம் எளிது. வானத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். "இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி கீழே வந்து சேர ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம்கூடத் தேவைப்படலாம். அந்தத் தாமதத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது உங்கள் கருவி. நாலு கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும்.

மணியில் 10 லட்சத்தில் ஒரு விநாடி பிசகினால் போதும், இடம் 300 மீட்டர் தள்ளிப் போகும்! அதனால்தான் அவ்வளவு துல்லியமான கடிகாரம்.

முதலில் அமெரிக்கா இதில் வேண்டுமென்றே பிசகு கலந்து கொடுத்தது. 100 மீட்டர் வரை தப்பு வரும். 2000-ம் வருஷம் மே மாதம் ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவில் அந்தப் பிசகு நீங்கியது. திறந்த வானத்தின் கீழே சில மீட்டருக்குள் இடம் சொல்ல ஆரம்பித்தது கருவி.

பாரிமுனைச் சந்துக்குள் ஓடுகிறவரின் கடிகாரம் தடுமாறும். கட்டிடங்களில் பட்டுச் சேதி சிதறுவதுதான் காரணம். கடலில் அந்தத் தொல்லை இல்லை. நாலா பக்கமும் வானம்!

எண்ணைப் படிப்பது எப்படி?

பழவேற்காடு ஏறக்குறைய 13 டிகிரி 25 நிமிஷம் வடக்கு. சென்னை துறைமுகம் சுமார் 13 டிகிரி 5 நிமிஷம். வித்தியாசம் 20 நிமிஷம். வடக்கு தெற்காக ஒரு நிமிஷம் என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக 20 கடல் மைல், சுமார் 37 கிலோ மீட்டர். இது தெரிந்தவர் மனக்கணக்காகவே தூரம் சொல்லிவிடலாம்.

போட்ட வலையைத் தேடி அலைய வேண்டாம், எண்ணைக் குறித்து வைத்தால் நேராகப் போகலாம். டீசலோ மண்ணெண்ணெயோ மிச்சம். தாத்தாவின் பார் ரகசியம் இப்போது கருவிக்குள் எண்ணாக இருக்கிறது. கருவி கைமாறினால் ரகசியமும் கைமாறும் என்பது வேறு விஷயம்!

பக்கத்து வீட்டு ராக்கெட்

அடுத்தவன் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று இந்தியா சொந்தமாக ஏழு கோள் திட்டம் போட்டது. முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. ஏழாவது 2016 ஏப்ரல் 28-ல். அன்று பிரதமர் மோடி வைத்த பெயர் "நாவிக்". படகோட்டி என்று அர்த்தம். பழவேற்காட்டுக்காரர் பெயரையே வைத்தது மாதிரி!

ஆனால், படகோட்டிக்குச் சோதனை மேல் சோதனை. சில கோள்களின் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் நின்று போயின. 2017 ஆகஸ்டு 31-ல் மேலே போன கோள், ராக்கெட்டின் மூடி திறக்காததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2023 மே 29-ல் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு புதுக் கோள் போனது. கைக்கடிகாரம் மாதிரி சின்னக் கருவிகள் சுலபமாக வாங்கக்கூடிய அலைவரிசையும் அதில் சேர்க்கப்பட்டது.

2025 ஜனவரி 29-ல் போன அடுத்த கோள், ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவல். ராக்கெட் சரியாகப் போனது. கோளில் வால்வு திறக்காமல் நினைத்த பாதைக்குப் போக முடியவில்லை. இடம் காட்டும் வேலையைச் செய்பவை நாலு கோள்தான் என்று 2025-ல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதனால் படகுகளில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்கக் கோள்களைத்தான் நம்பி ஓடுகின்றன.

முகத்துவாரத்தில் என்ன நடக்கும்?

இனிதான் முக்கியமான சங்கதி. கடலில் வழி தெரிந்து திரும்பி வந்தாச்சு. ஏரிக்குள் நுழைய முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். பழவேற்காட்டில் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போய் வாயை அகலமாக்கும். வெயில் காலத்தில் அலை மணலைக் கொண்டு வந்து வாயை அடைக்கும். ஆழமான பாதை ஒரு மாதம் வடக்கே இருக்கும், அடுத்த மாதம் தெற்கே நகர்ந்திருக்கும். மணல் திட்டில் தட்டினால் படகு நிற்கும். பின்னால் வரும் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கும்.

கையில் இருக்கும் கடிகாரமோ, போன மாதம் பதிவு செய்த பாதையைக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும். "இதே வழியாப் போ" என்று சொல்லும். கடிகாரம் பொய் சொல்லவில்லை. மணல் இடம் மாறிவிட்டது!

இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் கோளுக்குத் தெரியும். அடியில் எத்தனை பாகம் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழுக்கிப் போகிறது, தண்ணீர் நிறம் எங்கே கறுக்கிறது, எத்தனை அலைக்கு அப்புறம் ஓய்வு கிடைக்கும் என்று பார்த்துப் படகை விடுகிற கண்தான் அங்கே துணை.

வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கல் சுவர் வேண்டும் என்பது இந்த ஊர்களின் நெடுநாள் கோரிக்கை. கோடிக்கணக்கான ரூபாயில் அரசு திட்டம் அறிவித்ததும் அதனால்தான். எந்தக் கடிகாரமும் மணலை வாராது!

கரைக்கும் தெரிய வேண்டாமா?

இன்னொரு குறையும் உண்டு. ஜி.பி.எஸ். உங்களுக்குத்தான் இடம் சொல்லும். கரையில் இருப்பவருக்குச் சொல்லாது.

2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடல் படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. புயல் வருகிறது என்ற சேதிதான் போய்ச் சேரவில்லை. செல்போன் எட்டாத தூரம். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் கரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் கோள் வழியாகவே புயல் எச்சரிக்கை தரும் கருவிகள் வந்தன. 2024 ஆகஸ்டு 30 அன்று, 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு "டிரான்ஸ்பாண்டர்" பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். இது இரண்டு பக்கமும் பேசும். கரையிலிருந்து எச்சரிக்கை வரும். ஆபத்தென்றால் படகிலிருந்தும் சேதி போகும்.

கடிகாரம் வாங்குகிறவர்களுக்கு...

மெரினாவில் ஓடுகிறவர்கள் கட்டும் விளையாட்டுக் கடிகாரத்தைக் குப்பத்து வாலிபர்களும் கட்டலாம். நடை எண்ணும், நெஞ்சுத் துடிப்பு எண்ணும். வலை இழுக்கிற கைக்கு அந்தக் கணக்கு எதற்கு? அவர்களுக்கு வேண்டியவை வேறு.

கிளம்பும்போதே கரையைப் பதிவு செய்யுங்கள். "கிளம்பிய இடத்துக்குத் திரும்பு" என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜி.பி.எஸ். ஓடினால் மின்கலம் வேகமாகத் தீரும். ராத்தங்கல் என்றால் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் அலறும் வசதி சிலவற்றில் உண்டு, அது பிரயோஜனமானது.

போன் எட்டுகிற தூரத்தில் ஆபத்து வந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. கூப்பிட்டதும் முதலில் சொல்ல வேண்டியது கடிகாரத்தில் தெரியும் டிகிரி, நிமிஷம். "லைட் ஹவுசுக்குக் கிழக்கே" என்றால் தேட ஒரு பொழுது ஆகும். எண்ணைச் சொன்னால் நேராக வருவார்கள்.

முகத்துவாரம் நெருங்கியதும் மட்டும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, படகில் மூத்தவர் யாரோ அவர் பேச்சைக் கேளுங்கள்!