வட்டப் புள்ளி எங்கே போயிற்று?

மாணவர்களே, மேட்டூர் அணை திறக்கும் நாள் தஞ்சைத் தரணி உழவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் அறிவீர்கள். குறுவைக்கு வழக்கமாக நீர் திறக்கும் நாள் ஜூன் 12. 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்நாளிலேயே அணை திறக்கப்பட்டது. 2022இல் மே 24ஆம் தேதி, அதாவது 19 நாள் முன்னதாக. 2024இல் ஜூலை 28ஆம் தேதி, அதாவது 46 நாள் தாமதமாகத் திறக்கப்பட்டது.

இதை ஒரு வரைபடம் ஆக்குவோமா? கிடை அச்சில் ஆண்டுகள். செங்குத்து அச்சில் ஜூன் 12ஐப் பூஜ்யமாகக் கொண்டு நாட்கள். உரிய நாளுக்கு வட்டம், முந்தியதற்கு முக்கோணம், பிந்தியதற்குச் சதுரம். 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்பில் இதை வரைந்து, பி.டி.எஃப். கோப்பாக்கிக் கட்டுரையில் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறீர்கள். அச்சாகி வந்த தாளில் முக்கோணமும் சதுரமும் சரியாக இருக்கின்றன. ஆனால் வட்டங்கள் இருக்கவேண்டிய நான்கு இடங்களிலும் ஆங்கில 'எல்' எழுத்து நிற்கிறது! சில சமயம் அங்கு ஒன்றுமே இருக்காது. அப்போது படிப்பவர், "உரிய நாளில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை போலும்" என்றுதானே எண்ணுவார்? உண்மைக்கு நேர்மாறான முடிவு அல்லவா?

இது எப்படி நேர்ந்தது? பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகள் சிறு சிறு அறைகளில் கிடக்கும். கணினியின் எழுத்துருவும் அத்தகைய அறைப்பெட்டிதான். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. 'ஆர்' பழைய பதிப்புகளில் முக்கோணத்தையும் சதுரத்தையும் கோடுகளாக வரைந்தது. சிறு வட்டத்தை மட்டும், ஜெர்மானிய எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப் 1978இல் உருவாக்கிய 'ஸாஃப் டிங்பாட்ஸ்' என்னும் குறியீட்டு எழுத்துருவின் 108ஆம் அறையிலிருந்து எடுத்தது. அந்த எழுத்துரு கோப்புடன் செல்லாவிட்டால், பெறும் கணினி தன்னிடமுள்ள வேறு பெட்டியைத் திறக்கும். சாதாரண ஆங்கிலப் பெட்டியில் 108ஆம் அறையில் இருப்பது 'எல்'!

இத்தொல்லை தமிழுக்குப் புதிதன்று. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே தெரியும். அங்கும் எண் ஒன்று, பெட்டி வேறு. யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண் உண்டு. 'த'வுக்கு 2980, கறுப்பு வட்டத்துக்கு 9679. உரிய எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டம் தோன்றலாம். வேறோர் எழுத்து வந்து ஏமாற்றாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

சரி, பரிகாரம் என்ன? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, டிங்பாட்ஸைப் பயன்படுத்தாதே என்று மென்பொருளுக்கு ஆணையிடலாம். அப்போது வட்டமும் வளைகோடாகவே வரையப்படும். 'ஆர்' மென்பொருளின் இன்றைய பதிப்புகளில் இதுவே இயல்பான அமைப்பு. இரண்டு, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்பலாம். பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்வதுபோல, கோப்பு எங்கே போனாலும் எழுத்துருவும் உடன் செல்லும். மூன்று, படத்தை நுண்புள்ளிகளால் ஆன நிழற்படமாக மாற்றலாம்; ஆனால் பெரிதாக்கினால் விளிம்புகள் மங்கும்.

எந்த வழியைக் கையாண்டாலும், கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஒரு தாள் அச்சிட்டு, குறிகளை விரல்விட்டு எண்ணுங்கள். நம் படத்தில் ஆண்டுகள் ஆறு. குறிகளும் ஆறு இருக்கவேண்டும். வட்டம் நான்கு, முக்கோணம் ஒன்று, சதுரம் ஒன்று. கணக்குச் சரியாக இருந்தால் படத்தை அச்சுக்கு அனுப்பலாம்.